கைப்பிரதியை முதலில் யாரிடம் கொடுப்பது?

நாவலின் வரைவு முடிந்த அன்றிரவே பத்துப் பேருக்கு வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் போய்விடுகிறது. கூடவே ஒரு வரி: ‘நேரம் கிடைக்கும்போது படிச்சுட்டுச் சொல்லுங்க.’ இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் பாதிப் பேர் கோப்பைத் திறக்கவே இல்லை. மூன்று பேர் ‘அருமை’ என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவர் ஒற்றுப்பிழைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார். இன்னொருவர் முடிவையே மாற்றி எழுதித் தந்திருக்கிறார். நாவல் எங்கே ஓடுகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

படித்தவர்கள் மேல் குற்றமில்லை. அவர்களிடம் என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இதில் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு, அது வெளியே தெரியாது. ஒருவர் உங்கள் நாவலை முதல்முறையாகப் படிப்பது ஒரே ஒரு தடவைதான். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் பக்கம் புரட்டும் அந்த வாசிப்பைத் திரும்ப வாங்க முடியாது. திருத்திய பிரதியை அதே ஆளிடம் கொடுத்தால் கதை தெரிந்த கண்ணோடுதான் படிப்பார். பத்துப் பேருக்கு ஒரே இரவில் அனுப்பினால் பத்து முதல் வாசிப்புகளும் ஒரே இரவில் செலவாகிவிடுகின்றன. முன்வாசகரை, அதாவது புத்தகமாகும் முன்பே படித்துச் சொல்கிறவரைத் தேடுவதும், கேள்வி தயாரிப்பதும், நாள் குறிப்பதும், பதிலைத் தொகுப்பதும் எல்லாம் இந்த ஒன்றைக் காப்பாற்றத்தான்.

அப்படிப் படிக்கிறவரைப் பீட்டா ரீடர் என்றுதான் எழுதுகிறவர்கள் பேச்சில் சொல்கிறோம். மென்பொருளை வெளியிடும் முன் வெளியாட்களிடம் கொடுத்துச் சோதிப்பதிலிருந்து வந்த பெயர். இங்கே முன்வாசகர் என்றே எழுதுகிறேன். எடிட்டர் வேறு, மெய்ப்புத் திருத்துபவர் வேறு. எடிட்டர் கோளாறு எங்கே இருக்கிறது, எப்படிச் சரிசெய்வது என்று சொல்வார். மெய்ப்புத் திருத்துபவர் எழுத்தைச் சுத்தம் செய்வார். முன்வாசகர் தனக்குப் படிக்கும்போது என்ன நடந்தது என்பதைச் சொல்கிறவர், அவ்வளவே. சாட்சி சொல்ல வந்தவரிடம் தீர்ப்பு கேட்கக் கூடாது.

உதாரணத்துக்கு ஒரு நாவலை வைத்துக்கொள்வோம். தூத்துக்குடி உப்பளத்தில் நடக்கும் கதை. 60,000 சொல், 24 அத்தியாயம். நாயகி தங்கம் பாத்தியில் உப்பு வாருகிறவள். ஆறாம் அத்தியாயத்தில் கணவன் சேர்மக்கனி ஊரைவிட்டுப் போகிறான், பதினெட்டாம் அத்தியாயத்தில் திரும்பி வருகிறான். இந்தக் கைப்பிரதியை என்ன செய்வது?

முதலில் அதை அனுப்பாமல் இருக்க வேண்டும். எழுதி முடித்து நான்கு வாரமாவது மூடி வைத்து, பிறகு நீங்களே ஒருமுறை சத்தம்போட்டுப் படித்துத் திருத்தி, உங்களுக்குத் தெரிந்த கோளாறு ஒன்றுகூட மிச்சமில்லை என்ற நிலைக்கு வந்த பிறகே அனுப்பலாம். ‘பதினோராம் அத்தியாயம் கொஞ்சம் இழுவைதான், அதை அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று நினைத்துக்கொண்டு அனுப்பினால் ஐந்து பேரும் பதினோராம் அத்தியாயம் இழுவை என்று எழுதுவார்கள். தெரிந்த விஷயத்துக்கு ஐந்து முதல் வாசிப்புகள் போய்விடும்.

பிழை திருத்தமும் அப்படித்தான். தமிழ் வாசகர்களில் பலருக்கு ஒற்றுப்பிழை கண்ணில் மண் விழுந்த மாதிரி. ‘அதை கேட்டாள்’ என்று மூன்று இடத்தில் பார்த்துவிட்டால் நான்காவது பக்கத்திலிருந்து பேனாவோடு உட்கார்ந்துவிடுவார், கதை போய்விடும். வாணி பிழைதிருத்தியிலும் நாவி சந்திப்பிழை திருத்தியிலும் அத்தியாயம் அத்தியாயமாக ஒருமுறை போட்டு எடுங்கள். வட்டார உரையாடலை அந்தக் கருவிகள் பிழை என்றே காட்டும், அதைத் தள்ளிவிடலாம். உரையாடலில் ‘வந்துட்டான்’ என்று ஓரிடத்திலும் ‘வந்திட்டான்’ என்று இன்னோரிடத்திலும் ஒரே ஆள் பேசாமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம். பேச்சு வழக்கு எழுத்துகளுக்கு ஒரு பக்கத்தில் பட்டியல் வைத்துக்கொண்டால் போதும்.

எத்தனை பேர்?

ஒரு நாவலுக்கு மொத்தம் எட்டுப் பேர். மூன்று சுற்று. முதல் சுற்றில் இரண்டு பேர், இரண்டாவதில் நான்கு பேர், கடைசியில் இரண்டு பேர். முதல் இருவர் பெரிய உடைசல்களைக் கண்டுபிடிப்பார்கள். கதை எங்கே தொடங்குகிறது என்றே புரியவில்லை, பாதி நாவலுக்கு மேல் தங்கம் எதையும் விரும்பவில்லை என்ற மாதிரியானவை. இவற்றைக் கண்டுபிடிக்க ஆறு பேர் தேவையில்லை. அதைச் சரிசெய்த பிறகு நான்கு பேர். அவர்கள் சொன்னதையும் சரிசெய்த பிறகு, கதையைப் பற்றி ஒன்றுமே கேள்விப்படாத இரண்டு பேர். இந்தக் கடைசி இருவரிடம் அதுவரை நாவலைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. கதைச் சுருக்கம்கூடச் சொல்லக் கூடாது. பேச்சுவாக்கில் சொல்லிவிட்டால் வேறு ஆளைத் தேட வேண்டியதுதான்.

ஒப்புக்கொண்ட எல்லாரும் முடிக்க மாட்டார்கள். ஐந்து பதில் வேண்டுமானால் எட்டுப் பேரிடம் கேட்பது என்று கணக்கு வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. அப்படியானால் கேட்டு வைக்க வேண்டிய பெயர்கள் பன்னிரண்டு பதின்மூன்று ஆகும். ஆனால் எல்லாருக்கும் சேர்த்து அனுப்ப வேண்டாம். ஒருவர் விலகினால் அடுத்தவருக்கு அனுப்பலாம்.

அந்த எட்டுப் பேர் யார் என்பதில்தான் தமிழ் நாவலுக்கே உரிய வேலை இருக்கிறது. பாதிக்கு மேற்பட்டவர்கள் எழுதாத, வெறுமனே நிறையப் படிக்கிற ஆட்களாக இருக்கட்டும். உங்கள் வகை நாவலைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள். குடும்ப நாவல் எழுதினால் குடும்ப நாவல் படிப்பவர், துப்பறியும் கதை என்றால் அதைத் தேடிப் படிப்பவர். தன் வழக்கத்தில் இல்லாத வகையைப் படிப்பவர் அந்த வகையின் இயல்பையே குறையாகச் சொல்வார்.

வட்டார வழக்கில் எழுதியிருந்தால் அந்த மண்ணைச் சேர்ந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். அந்த மண்ணுக்கு முற்றிலும் வெளியே இருக்கும் ஒருவரும் அதே அளவு கட்டாயம். இருவரிடமும் கேட்பது வேறு. தூத்துக்குடிக்காரரிடம் கேட்க வேண்டியது: ‘அவிய’ எங்கே வரும், ‘அவுக’ எங்கே வரும், அண்ணாச்சி என்று யார் யாரைக் கூப்பிடுவார்கள், இந்த வயதுப் பெண் கங்காணியிடம் இப்படிப் பேசுவாளா? ஈரோட்டுக்காரரிடமோ யாழ்ப்பாணத்துக்காரரிடமோ கேட்க வேண்டியது: எந்தச் சொல் கடைசிவரை புரியவில்லை? முதலில் புரியாமல் இருந்து பிறகு தானாகப் புரிந்தது எது? தானாகப் புரிந்த சொல்லுக்கு அடிக்குறிப்பு வேண்டாம். தவறாகப் புரிந்துகொண்ட சொல்தான் ஆபத்து. நெல்லைப் பக்கம் ஆச்சி என்றால் பாட்டி. செட்டிநாட்டு வழக்குத் தெரிந்த வாசகருக்கு அந்தச் சொல்லில் வேறு உருவம் எழும். அவர் மூன்று அத்தியாயம் வரை அந்தக் கிழவியை வீட்டு எஜமானியாக நினைத்துக்கொண்டே படித்திருக்கக்கூடும். கேட்டால்தான் தெரியும்.

சாதி சார்ந்த பேச்சு வழக்கும் உண்டு. ஒரே ஊரில் உறவுப்பெயர்கள் தெருவுக்குத் தெரு மாறுகின்றன. ஒரு சமூகத்து வீட்டுக்குள் கதை நடந்தால் அந்த வீட்டுப் பேச்சு காதில் விழுந்து வளர்ந்த ஒருவர் படித்தே ஆக வேண்டும். இங்கே தவறு நடந்தால் வாசகர் அதைப் பிழையாக மட்டும் பார்ப்பதில்லை, அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார். அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது.

பிறகு தொழில் தெரிந்தவர். தூத்துக்குடியில் உப்பு விளைவது வெயில் காலத்தில். வடகிழக்குப் பருவமழை வரும் ஐப்பசி, கார்த்திகையில் பாத்தியில் வேலை நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். நாவலில் தீபாவளிக்கு மறுநாள் தங்கம் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தால் மற்ற ஏழு பேரும் ரசித்துப் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். உப்பளத்தில் வேலை பார்த்த ஒருவர் மட்டும் அந்த வரியில் நின்றுவிடுவார். அவருக்கு அதற்குப் பிறகு வரும் எதன்மேலும் நம்பிக்கை வராது. அவர் நாவல் படிக்கிற பழக்கம் இல்லாதவராக இருக்கலாம். அப்படியானால் முழு நாவலையும் கொடுத்துச் சிரமப்படுத்த வேண்டாம். தொழில் வரும் அத்தியாயங்களை மட்டும் எடுத்து, தேவைப்பட்டால் நேரில் உட்கார்ந்து படித்துக் காட்டிக் கேட்கலாம். படித்துக் காட்டும்போது அவர் முகம் சுளிக்கும் இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அவர் மரியாதைக்காக வாயால் சொல்லாமல் விடுவது அதில் தெரிந்துவிடும்.

குடும்பத்தாரிடம் கொடுக்கலாமா என்பார்கள். கொடுக்கலாம், புத்தகம் வந்த பிறகு. முன்வாசகராக வேண்டாம். அம்மாவும் தம்பியும் சித்தியும் கதாபாத்திரங்களுக்குள் தங்களைத் தேடுவார்கள். ‘இது நம்ம பெரிய மாமாதானே?’ என்று ஒரு கேள்வி வந்துவிட்டால் உங்கள் கை அடுத்த வரைவில் தானாகவே மாமாவைச் சாதுவாக்கிவிடும்.

ஆட்களைத் தேடும் இடம்

மாவட்ட மைய நூலகங்களிலும் பல கிளை நூலகங்களிலும் வாசகர் வட்டம் இருக்கிறது. மாதாந்திரக் கூட்டங்களில் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர்களைக் கவனியுங்கள். மேடையில் நன்றாகப் பேசுகிறவரை விட்டுவிடுங்கள். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ‘அந்தப் பொண்ணு ஏன் அந்தக் கடிதத்தைக் கிழிக்கல?’ என்று கேட்கிறவர்தான் உங்களுக்கு வேண்டியவர். குட்ரீட்ஸிலும் ஃபேஸ்புக்கிலும் தமிழ் நாவல்களுக்கு நீளமாக எழுதுகிறவர்களில், குறிப்பிட்ட ஓர் இடத்தைச் சொல்லி எழுதுகிறவரைத் தேர்ந்தெடுங்கள். அடைமொழிகளாக எழுதுகிறவர் உங்களுக்கும் அடைமொழிகளைத்தான் தருவார்.

பிரதிலிபி மாதிரியான தளங்களில் தொடராகப் போட்டு அங்கே வரும் கருத்துகளை வைத்துத் திருத்துவதும் ஒரு வழி. அந்தக் கருத்துகள் அத்தியாய முடிவில் வாசகர் காத்திருந்தாரா என்பதைக் காட்டும். முழு நாவலின் கட்டமைப்பைப் பற்றி அவை ஒன்றும் சொல்லாது, வாரம் ஓர் அத்தியாயம் படித்தவருக்கு ஆறாம் அத்தியாயத்தில் விழுந்த முடிச்சு பதினெட்டில் நினைவிருக்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. இதழ்களும் நாவல் போட்டிகளும் பெரும்பாலும் ‘இணையம் உட்பட எங்கும் வெளியாகாத படைப்பு’ என்று நிபந்தனை வைக்கின்றன. பொதுவில் போட்டது வெளியானதாகவே எடுத்துக்கொள்ளப்படும். தனிப்பட்ட முறையில் எட்டுப் பேருக்கு அனுப்புவது அப்படி ஆகாது.

எழுதுகிறவர்களோடு கைமாற்று வைத்துக்கொள்வது எளிதாகக் கிடைக்கும் வழி. என் கைப்பிரதியை நீ படி, உன்னுடையதை நான் படிக்கிறேன். சண்டை வருவது இங்கேதான். ஒருவர் 20,000 சொல் குறுநாவல் கொடுத்து இன்னொருவர் 90,000 சொல் நாவல் கொடுத்தால் மூன்றாவது வாரத்தில் மனக்கசப்பு தொடங்கிவிடும். சொற்கணக்கில் சமமாகப் பகுதி பகுதியாக மாற்றிக்கொள்ளுங்கள். 15,000 சொல்லுக்கு 15,000 சொல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. எழுதுகிறவர்கள் தங்கள் நடையில் உங்கள் வாக்கியத்தை மாற்றி எழுதித் தருவார்கள், அந்தக் கை சும்மா இருக்காது. ‘வாக்கியத்தைத் தொட வேண்டாம், இடத்தை மட்டும் சுட்டுங்கள்’ என்று முதல் நாளே பேசிவிடுவது நல்லது.

யாராக இருந்தாலும் முழு நாவலுக்கு முன் ஒரு சோதனை வையுங்கள். நாவலோடு தொடர்பில்லாத உங்கள் சிறுகதை ஒன்று, 2,500 சொல்லுக்குள். பத்து நாள் அவகாசம், மூன்று கேள்வி. நாவலின் முதல் அத்தியாயத்தை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அது சரிவராத ஆளிடம் போய்ச் செலவாகிவிடும். பதிலில் குறிப்பிட்ட இடம் ஒன்றாவது இருக்கிறதா? தனக்குச் சலித்ததையோ குழம்பியதையோ ஒளிக்காமல் சொன்னாரா? சொன்ன நாளில் பதில் வந்ததா? மூன்றில் இரண்டு இருந்தால் போதும். இல்லாவிட்டால் மனமார நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போங்கள்.

கதையைத் திருடிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் சிலருக்கு இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதி முடித்ததுமே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் எப்போது, யாருக்கு, எந்தப் பிரதி போனது என்பது மின்னஞ்சலில் இருக்கட்டும். ஒவ்வொரு பிரதியிலும் பெறுபவரின் பெயரை முதல் பக்கத்தில் அச்சிட்டால் பிரதி கைமாறுவதும் குறையும்.

அனுப்பும் விதம்

முன்வாசகரிடம் எந்த வடிவம் வசதி என்று கேளுங்கள், நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். கைபேசியில் படிப்பவருக்கு யூனிகோடில் இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு அவர் கைபேசியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். பலர் கூச்சத்தில் அதைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். நீங்கள் அவர் படித்துக்கொண்டிருக்கிறார் என்று காத்திருப்பீர்கள். கோப்பை அனுப்பிய அன்றே ‘முதல் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள்’ என்று கேட்டால் இது தீர்ந்துவிடும்.

பிடிஎஃப்பில் இன்னொரு தொல்லை. அதிலிருந்து தமிழ் வரியை நகலெடுத்து ஒட்டினால் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து சிதறிப்போவது வழக்கம். அதனால் வாசகரால் ‘இந்த வரி’ என்று ஒட்டிக் காட்ட முடிவதில்லை. எல்லாப் பிரதிகளிலும் பக்க எண்ணோடு வரி எண்ணும் போடுங்கள். வேர்டிலும் லிப்ரே ஆபீஸிலும் அந்த வசதி இருக்கிறது. ‘பக்கம் 112, வரி 9’ என்று வாட்ஸ்அப்பில் அடிப்பது எளிது.

கூகுள் டாக்ஸ் என்றால் ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதி எடுத்து, கமென்டர் அனுமதி மட்டும் கொடுங்கள். ஒரே கோப்பை எல்லாருக்கும் பகிர்ந்தால் முதலில் படித்தவர் எழுதிய குறிப்பு மற்றவர்கள் கண்ணில் படும். ‘இங்கே சலிப்பு’ என்று ஒருவர் எழுதியிருப்பதைப் பார்த்தவருக்கு அந்த இடம் சலிக்கத்தான் செய்யும். ஒரே வாட்ஸ்அப் குழுவில் எல்லா முன்வாசகர்களையும் சேர்ப்பதும் இதே தவறு. அவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் இருப்பதே நல்லது.

அச்சில் படிக்க விரும்புபவருக்கு அச்சிட்டே கொடுங்கள், குறிப்பாக ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. ஏ4 தாளில் 13 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி என்றால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 250 சொல் பிடிக்கும். 60,000 சொல்லுக்கு 240 பக்கம், இருபக்கமும் அச்சிட்டால் 120 தாள். அதை ஒரே கட்டாகப் போடாமல் இரண்டு ஸ்பைரல் கட்டாகப் போட்டால் மடியில் வைத்துப் படிக்க வாகாக இருக்கும். வலது ஓரத்தில் இரண்டு அங்குலம் வெறுமையாக விடுங்கள், குறி போட இடம் வேண்டும்.

குறிகள் நான்கு போதும். குழம்பிய இடத்தில் கு. சலித்த இடத்தில் ச. நம்ப முடியாத இடத்தில் ந. ரசித்த இடத்தில் ர. விளக்கம் எழுத வேண்டியதில்லை, ஓரத்தில் ஓர் எழுத்து. இதைச் சொன்னதும் முன்வாசகர் முகத்தில் தெளிவு வந்துவிடும், விமர்சனக் கட்டுரை எழுத வேண்டுமோ என்ற பயம்தான் பலரைத் தள்ளிப்போட வைக்கிறது. ர என்ற குறியை நம் திருப்திக்காக வைத்ததாக நினைக்க வேண்டாம். எது வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் திருத்தும்போது அதையே வெட்டிவிடுவோம்.

அழைப்புக் கடிதம் சுருக்கமாக, இந்த மாதிரி இருக்கலாம்:

‘வணக்கம். ஒரு நாவல் எழுதியிருக்கிறேன், 60,000 சொல், புத்தகமானால் சுமார் 280 பக்கம் வரும். உப்பளத் தொழிலாளர் குடும்பம் ஒன்றின் கதை. இதில் குடும்ப வன்முறையும் ஒரு குழந்தையின் இறப்பும் வருகின்றன, படிக்கச் சிரமம் என்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள். ஜூன் 10 அன்று அனுப்பினால் ஜூலை 8க்குள் படிக்க முடியுமா? பிழை திருத்த வேண்டாம், எப்படி மாற்றலாம் என்றும் சொல்ல வேண்டாம். படிக்கும்போது உங்களுக்கு எங்கே என்ன தோன்றியது என்பது மட்டும் போதும். பாதியில் நிறுத்திவிட்டால் எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள் என்று சொன்னாலே எனக்குப் பெரிய உதவி.’

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். முடிக்காதவர்கள் குற்ற உணர்ச்சியில் தொடர்பையே அறுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் நிறுத்திய பக்கம்தான் இந்த வேலையிலேயே மிக விலையுள்ள தகவல். இரண்டு பேர் 70ஆம் பக்கத்துக்கும் 80ஆம் பக்கத்துக்கும் நடுவில் கீழே வைத்திருந்தால் வேறு கருத்தே தேவையில்லை.

நான்கு வாரம் போதுமான அவகாசம். எட்டு வாரம் கொடுத்தால் ஆறு வாரம் திறக்க மாட்டார்கள். இரண்டாம் வார முடிவில் ஒரே ஒரு விசாரிப்பு. மார்ச், ஏப்ரலில் ஆசிரியர்களும் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் பெற்றோரும் படிக்க மாட்டார்கள். தீபாவளி வாரம் வேண்டாம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் புத்தகம் வர வேண்டுமானால் பின்னிருந்து எண்ணுங்கள்: டிசம்பரில் அச்சகம், நவம்பரில் பக்க வடிவமைப்பும் மெய்ப்பும், அக்டோபரில் கடைசி இருவர், ஆகஸ்டும் செப்டம்பரும் திருத்தி எழுத, ஜூன் பத்திலிருந்து ஜூலை வரை நான்கு பேரின் சுற்று, அதற்கு முன் மார்ச்சுக்குள் முதல் இருவர். இதில் எதையாவது சுருக்க நேர்ந்தால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிடுவது மேல். முன்வாசிப்பைத் தவிர்த்துவிட்டுக் காட்சிக்கு ஓடிய புத்தகங்களில் அந்த அவசரம் வரிக்கு வரி தெரியும்.

கேள்விகள்

நாவல் முடியும் வரை கேள்வித்தாளைக் காட்டக் கூடாது. ‘சேர்மக்கனி ஏன் போனான் என்பது புரிந்ததா?’ என்ற கேள்வியை முன்பே பார்த்தவர் அதைத் தேடிக்கொண்டே படிப்பார். ஒரே ஒரு விதிவிலக்கு: எட்டாம் அத்தியாயத்தின் முடிவில் ஒரு தாள். ‘இங்கே நிறுத்துங்கள். இனி என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? என்ன நடந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்படுகிறீர்கள்?’ இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதலாவதற்கு எல்லாரும் சரியான விடை எழுதிவிட்டால் கதை முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இரண்டாவதற்கு யாருக்கும் ஆசையே இல்லையென்றால் தங்கத்தின்மேல் வாசகருக்கு ஒட்டுதல் வரவில்லை.

படித்து முடித்த பிறகு கேட்பவை பத்துக்குள் இருக்கட்டும். ‘பிடித்ததா?’ என்று கேட்காதீர்கள், தமிழில் அதற்கு மரியாதையான ஒரே பதில்தான் உண்டு. ‘நடை எப்படி இருந்தது?’ என்பதும் வீண். கேட்க வேண்டியவை: எந்த இடத்தில் கீழே வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனீர்கள்? எந்த இடத்தில் தூக்கத்தைத் தள்ளிப்போட்டீர்கள்? எந்த இரண்டு ஆட்களை ஒருவருக்கொருவர் மாற்றி நினைத்தீர்கள்? சேர்மக்கனி ஊரைவிட்டுப் போன காரணத்தை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். தாண்டிப் படித்த பத்திகள் உண்டா? எந்தப் பக்கத்தில் கதை முடியப்போகிறது என்று தோன்றியது? ஒருவாரம் கழித்து எந்தக் காட்சி நினைவில் நிற்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியை உண்மையிலேயே ஒருவாரம் கழித்துக் கேளுங்கள்.

ஆட்களை மாற்றி நினைப்பது நம் நாவல்களில் அடிக்கடி நடக்கிறது. ஊரின் இயல்புப்படி பெயர் வைத்தால் சேர்மக்கனி, சேர்மத்துரை, சேர்மராஜ் என்று ஒரே வீட்டில் மூன்று பேர் இருப்பார்கள். எழுதியவருக்கு மூன்று முகமும் தெரியும். வாசகருக்கு ‘சேர்ம’ என்ற முதல் பாதிதான் கண்ணில் படும். ஒருவருக்குப் பட்டப்பெயர் வைத்தால் ஊரின் இயல்பும் கெடாது, குழப்பமும் தீரும்.

எழுதச் சொன்னால் தள்ளிப்போடுகிறவர்கள் பேசச் சொன்னால் பேசுவார்கள். கைபேசியில் தமிழில் நீளமாகத் தட்டச்சு செய்வது பலருக்கு அலுப்பு. அத்தியாயம் முடிந்ததும் இரண்டு நிமிடக் குரல் பதிவு கேளுங்கள். பக்க எண்ணைச் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும் என்பது ஒன்றே விதி. படித்த சூட்டில் பேசும்போது வரும் ‘அவன் மேல எனக்கு அப்படி ஒரு கோவம்’ என்பது எழுதும்போது ‘பாத்திரப் படைப்பு சிறப்பு’ என்று ஆறிப்போய்விடும்.

நேரிலோ தொலைபேசியிலோ பேசினால் முக்கால் மணி நேரத்துக்குள் முடியுங்கள், பேச்சில் பெரும்பகுதி அவருடையதாக இருக்கட்டும். ‘அது வந்து, நான் என்ன நினைச்சு எழுதினேன்னா...’ என்று நீங்கள் தொடங்கிய நொடியில் அவர் பேசுவதை நிறுத்தி உங்களைச் சமாதானப்படுத்தத் தொடங்கிவிடுவார். புத்தகம் கடைக்குப் போன பிறகு ஒவ்வொரு வாசகரின் பக்கத்திலும் உட்கார்ந்து நீங்கள் விளக்கம் சொல்லப் போவதில்லை. அவர் தவறாகப் புரிந்துகொண்டதைத் திருத்தாதீர்கள். எந்த வரி அவரை அங்கே கொண்டுபோனது என்று கேளுங்கள்.

வந்ததை என்ன செய்வது

சுற்று முடியும் வரை கைப்பிரதியில் ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள். முதலில் பதில் அனுப்பியவர் சொன்னதைக் கேட்டு நடுவில் திருத்திவிட்டால், ஆளுக்கொரு பிரதி படித்ததாகிவிடும், ஒப்பிடவே முடியாது. எல்லாப் பதில்களும் வந்த பிறகும் ஒருவாரம் சும்மா இருங்கள். பதில்களை முதலில் படிக்கும்போது எல்லாக் குறையும் அநியாயமாகத் தெரியும், பாராட்டு எல்லாம் சரியாகத் தெரியும்.

பிறகு ஓர் அட்டவணை. அத்தியாயம், பக்கம், யார், எந்தக் குறி, என்ன சொன்னார், என் முடிவு. ஆறு நெடுவரிசை. எல்லாவற்றையும் பக்க வரிசையில் அடுக்கினால் குறிகள் சில இடங்களில் கூட்டம் கூடும். அந்தக் கூட்டம்தான் நீங்கள் தேடியது. நான்கில் ஒருவர் மட்டும் ச போட்டிருந்தால் அது அவர் ரசனையாக இருக்கலாம், குறித்து வைத்துக்கொண்டு நகருங்கள். இருவர் போட்டிருந்தால் மறுபடி படித்துப் பாருங்கள். மூவர் என்றால் அந்த இடம் உடைந்திருக்கிறது, உங்களுக்கு எவ்வளவு பிடித்த பகுதியாக இருந்தாலும். இந்த எண்ணிக்கை தொழில் விவரத்துக்கும் வட்டார வழக்குக்கும் பொருந்தாது. ஐப்பசியில் உப்பு விளையாது என்று ஒருவர் சொன்னால் போதும், மற்ற மூவர் வாக்களிக்க வேண்டியதில்லை.

இடம் சரியாக இருக்கும், காரணம் தவறாக இருக்கும். முன்வாசகர் சொல்வதில் இதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. ‘பதினெட்டாம் அத்தியாயத்தில் சேர்மக்கனி திரும்பி வந்ததும் தங்கம் அவனைச் சேர்த்துக்கொள்வது நம்பும்படி இல்லை, அவளைக் கொஞ்சம் அழவிடுங்கள்’ என்று மூவர் சொல்கிறார்கள் என்று வையுங்கள். பதினெட்டில் நான்கு பத்தி அழுகையைச் சேர்த்தால் நாவல் இன்னும் கெடும். ஏழிலிருந்து பதினேழு வரை பதினோரு அத்தியாயத்தில் அவன் இல்லாத வீடு ஒருமுறையாவது காட்டப்பட்டதா? அவன் சட்டையை அவள் என்ன செய்தாள்? கடன்காரன் வந்தபோது அவன் பெயரைச் சொன்னாளா? ஒன்றும் இல்லையென்றால் பழுது பதினெட்டில் இல்லை, ஒன்பதிலோ பன்னிரண்டிலோ இருக்கிறது. வலி ஓரிடம், புண் இன்னோரிடம். சலிப்பும் அப்படியே. பத்தாம் அத்தியாயத்தில் ச குறிகள் கூடினால் முதலில் எட்டையும் ஒன்பதையும் பாருங்கள். வாசகரைப் பக்கம் புரட்ட வைத்த கேள்விக்கு அங்கேயே விடை கொடுத்துவிட்டு, அடுத்த கேள்வியை எழுப்பாமல் விட்டிருப்பீர்கள். முடிவு அவசரமாக இருக்கிறது என்று சொன்னால் கடைசி அத்தியாயத்தை நீட்டுவதற்கு முன், முடிவில் எது பணயம் என்பது நாவலின் பாதிக்குள் வாசகருக்குத் தெரிந்ததா என்று பாருங்கள்.

இருவர் நேரெதிராகச் சொன்னால் குழம்ப வேண்டாம். ஒருவர் கங்காணியைக் கொடூரன் என்கிறார், இன்னொருவர் பாவம் என்கிறார். இருவரும் அவனை உணர்ந்திருக்கிறார்கள், அங்கே தொட வேண்டாம். நான்கு பேரும் அவனைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். அட்டவணையில் வெறுமையாகக் கிடக்கும் அத்தியாயங்களையும் எண்ணுங்கள். ஒரு குறியும் இல்லாத அத்தியாயம் பிழையில்லாதது என்று அர்த்தமில்லை. அதை எடுத்துவிட்டால் யாராவது கவனிப்பார்களா என்று பாருங்கள்.

முன்வாசகர் சொன்ன எல்லாவற்றையும் ஏற்றால் நாவல் எட்டுப் பேர் சேர்ந்து வைத்த குழம்பாகிவிடும். எதை ஏற்கவில்லை என்று ஒவ்வொருவரிடமும் போய் நியாயம் சொல்லவும் வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் அவர் சொன்னதால் மாறிய ஓர் இடத்தையாவது குறிப்பிட்டு எழுதுங்கள்: ‘நீங்கள் 112ஆம் பக்கத்தில் குறித்ததால் அந்தக் கடன்காரன் காட்சியை முழுதாக மாற்றினேன்.’ ஒரு மாதம் உங்களுக்காகச் செலவழித்தவருக்கு இதுதான் சம்பளம். புத்தகம் வந்ததும் ஒரு பிரதி அவர் கையில் சேர வேண்டும். நன்றிப் பக்கத்தில் பெயர் போடும் முன் கேட்டுவிடுங்கள், குடும்ப வன்முறையைப் பேசும் நாவலில் தன் பெயர் வருவதைச் சிலர் விரும்பமாட்டார்கள். உப்பளத்துப் பெரியவரிடம் படித்துக் காட்டிக் கேட்டிருந்தால் புத்தகத்தை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து, மாற்றிய பகுதியை இன்னொருமுறை படித்துக் காட்டுங்கள்.

கடைசி இருவரின் முறை அக்டோபரில் வருகிறது. அவர்களுக்குக் குறிகள் வேண்டாம், கேள்வித்தாள் வேண்டாம், எட்டாம் அத்தியாயத் தாளும் வேண்டாம். அச்சிட்ட பிரதியும் ஒரு பென்சிலும் மட்டும். ஒவ்வொரு முறை படிப்பை நிறுத்தும்போதும் நிறுத்திய வரிக்குக் கீழே ஒரு கோடு, பக்கத்தில் மணி. பிரதி திரும்பி வந்ததும் கோடுகளை எண்ணுங்கள். 240 பக்கத்தில் எட்டுப் பத்துக் கோடுகள், இரவு பதினொன்று, பன்னிரண்டு என்று மணி எழுதியிருந்தால் பக்க வடிவமைப்பாளரைக் கூப்பிடலாம். ஒரே அத்தியாயத்துக்குள் நான்கு கோடு விழுந்திருந்தால் அந்த அத்தியாயத்துக்கு முந்தைய இரண்டையும் எடுத்து மேசையில் வையுங்கள்.